அரை நூல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சாரல் சற்று ஓய்ந்திருந்த நேரத்தில், சைக்கிளைத் திண்ணையோரம் சாய்த்து வைத்துச் செயினை அளந்தேன். 12 அங்குலத்துக்கு அரை நூல், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகக் காட்டியது. வேறு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். அங்கும் அதே அரை நூல். மாலையில் அந்தச் செயினைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன்.

பழைய செயினில் சத்தம் இல்லை. நழுவவில்லை. கியர் மாறுவதிலும் குறை சொல்ல முடியாது. "நன்றாகத்தானே ஓடுகிறது, அதற்குள் எதற்கு மாற்றுகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிட வேண்டிய பொருள் செயின். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழங்கால் காயமும் 4,650 ரூபாயும் செலவாயின. சைக்கிளில் மலையேறுகிற வேறு யாருக்கும் அந்தச் செலவு வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் செங்கோட்டை. பிரானூர்ப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்த இடத்தைப் பேச்சில் இன்றும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை புளியரைக்கு மேலே மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. மில்லுக்கு வரும் தடிகளில் பாதி அந்த மலைக்கு அப்பாலிருந்துதான் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எதிர்த்திசையில் போவேன். புளியரை வயல்களைத் தாண்டி, எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு. கால் ஒத்துழைத்தால் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வரை. 1904இல் ரயில் வந்த அந்தக் கல் பாலத்தின் நிழலில் உட்கார்ந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத் திரும்புவேன்.

இந்தச் சாலையைவிட ஒரு செயினை வேகமாகத் தின்னக்கூடிய சாலை இருக்குமா என்று தெரியவில்லை. ஆனி, ஆடி முழுவதும் சாரல். கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகள் வரிசையாக ஏறுகின்றன. அவற்றிலிருந்து உதிரும் தூளும் சாரல் தண்ணீரும் சேர்ந்து சாலையில் ஒரு சாம்பல் நிறக் குழம்பாகக் கிடக்கும். முன்சக்கரம் அதை அள்ளி நேராகச் செயின்மேல் வீசும். எண்ணெயில் அந்தத் தூள் கலந்தால் அது எண்ணெயாக இருப்பதில்லை, உப்புத்தாள் போல ராவத் தொடங்கிவிடுகிறது. ஏற்றத்தில் உடல் எடை முழுவதையும் பெடலில் இறக்கும்போது, அந்தத் தூளை நடுவில் வைத்துக்கொண்டுதான் செயினின் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னும் கண்ணியும் ஒன்றையொன்று அரைக்கின்றன.

கியர் சைக்கிளை வாங்கியது 2019இல், தென்காசி தனி மாவட்டமான அதே வருடம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. மூன்று வருடம் எதையும் மாற்றாமல் ஓட்டினேன். எண்ணெய் விட்டேன், துடைத்தேன். அது போதும் என்று நினைத்திருந்தேன். 2022 ஆடியில், கைப்பிடியில் மாட்டியிருந்த மீட்டர் 9,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தபோது, கியர் மாற்றினால் கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியது. ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செயினை விரலால் தூக்கிப் பார்த்து, "தொய்ந்துவிட்டது, புதியது போட்டுவிடலாம்" என்றார். 750 ரூபாய். பின்னால் இருக்கும் பல்சக்கரங்களை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிறு. புளியரை தாண்டி ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் எழுந்து நின்று மிதித்தேன். வலது பெடல் மேலிருந்து கீழே வரும் நேரத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். காலுக்கு அடியில் எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் வெறும் தரை வந்து இடிக்குமே, அப்படி. முழங்கால் கைப்பிடியில் மோதியது. இடது பக்கம் சாய்ந்து சரளைமேல் விழுந்தேன். பின்னால் வந்த ரப்பர் தடி லாரி நாலடி தள்ளி நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்து, "சேட்டா, எந்து பற்றி?" என்று கேட்டுக்கொண்டே தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

செயின் மட்டமானது என்றுதான் நினைத்தேன். அதே கடைக்குப் போனேன். கியர் சரியாக நிற்கவில்லை என்று சொல்லி, கம்பியை இழுத்துக் கட்டி 150 ரூபாய் வாங்கினார்கள். இரண்டாம் நாள், சமதரையில், தென்காசிச் சாலையில் மறுபடியும் நழுவியது.

எங்கள் ஊர் ரயில்வே கேட் பக்கம் வயதான பாய் ஒருவர் அப்போது கடை வைத்திருந்தார். பெரும்பாலும் பழைய பெரிய சைக்கிள்கள்தான் அவரிடம் வரும் என்பதால், கியர் வண்டியை அங்கே கொண்டுபோக எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து, பின்னால் இருக்கும் எட்டில் ஒன்றை மட்டும் சுத்தம் செய்தார். பிறகு என்னைக் குனியச் சொன்னார்.

"தம்பி, உங்கள் மில்லில் ரம்பப் பல்லைத் தீட்டும்போது நேராகத் தீட்டுவார்களா, சாய்த்துத் தீட்டுவார்களா?"

"சாய்த்துத்தான். ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சரிவு."

"இதைப் பாருங்கள்."

பார்த்தேன். மில்லில் இத்தனை வருடத்தில் நான் பார்த்த ரம்பங்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பல்சக்கரம் ஒரு சிறிய ரம்பமாகவே ஆகியிருந்தது. ஒரு பக்கம் அப்படியே இருக்க, செயின் இழுக்கும் பக்கம் மட்டும் குடைந்துபோய், நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. இரண்டு பற்களுக்கு இடையே செயினின் உருளை உட்காரவேண்டிய வட்டமான பள்ளம், நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது.

"பழைய செயினும் இந்தப் பல்லும் சேர்ந்து தேய்ந்தவை. அது நீண்ட அளவுக்கு இது குடைந்து இடம் கொடுத்தது. இப்போது புதுச் செயின் வந்து, சரியான அளவில் உட்கார இடம் கேட்கிறது. அந்த இடம் இங்கே இல்லை. லேசாக மிதித்தால் ஒட்டிக்கொண்டு போகும். அழுத்தினால் பல்மேல் ஏறித் தாவிவிடும். செயின்மேல் குற்றம் இல்லை தம்பி."

பின்னால் இருக்கும் எட்டுப் பல்சக்கரங்களின் தொகுப்பான கேசட் 1,350 ரூபாய். முன்னால் நடுச் சக்கரமும் போயிருந்தது. என் வண்டியில் அந்த மூன்று சக்கரங்களும் சேர்த்து அறையப்பட்டவை, தனியாகக் கழற்ற வராது. ஆகவே பெடலைத் தாங்கும் கையான கிராங்கோடு முழுதாக மாற்றவேண்டியதாயிற்று. அது 2,400. செயினையும் கம்பி கட்டிய கூலியையும் சேர்த்தால் நான் முதலில் சொன்ன தொகை. ஒன்றரை வருடம் முன்னதாக ஒரு செயினை மட்டும் மாற்றியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். இதைக் கணக்கு எழுதுகிறவனாகவே சொல்கிறேன்.

இனி அளவு விஷயம். இதை நிதானமாகச் சொல்லவேண்டும்.

மர வேலை செய்கிற எல்லோருக்கும் நூல் தெரியும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆசாரி "ஒன்றேகால் அங்குலம் ஒரு நூல்" என்று சொல்லிவிட்டால் அது அப்படியே சட்டமாக வந்து நிற்கும். சைக்கிள் செயினும் அங்குலக் கணக்கில் பிறந்த பொருள். உருளையும் உறையும் வைத்த இந்த வகைச் செயினை மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கியது 1880இல். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம் என்ற அளவு பிறகு சைக்கிளில் நிலைத்துவிட்டது. என் அப்பாவின் ஹெர்குலிஸில் இருப்பதும் அதே அரை அங்குலம். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் 12 கியர் வண்டியில் இருப்பதும் அதே அரை அங்குலம். அகலம்தான் மாறியிருக்கிறது.

ஆகவே புதுச் செயினில் 24 கண்ணி என்றால் சரியாக 12 அங்குலம். தேயத் தேய இது கூடும். செயின் இழுபட்டு நீள்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் அது திரும்பும் துளையும் தேய்கின்றன, அந்த இடைவெளிகளெல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. 12 அங்குலத்தில் அரை நூல் கூடியிருக்கிறது என்றால் ஒரு மூட்டுக்கு ஏறக்குறைய 0.066 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம். ஒரு மூட்டை மட்டும் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. 24 மூட்டையும் சேர்த்து அளந்தால் எஃகு ஸ்கேலில் பளிச்சென்று தெரிகிறது.

நான் அளக்கும் விதம் இது. துணி டேப்பும் பிளாஸ்டிக் ஸ்கேலும் உதவாது. மில்லில் இருக்கும் இரண்டடி எஃகு ஸ்கேலைத்தான் எடுப்பேன், அதில் அரை நூல் கோடு தெளிவாக இருக்கும். செயினைத் துடைத்துவிட்டு, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்பக்கமாக லேசாக அழுத்தினால் மேல் பக்கத்துச் செயின் விறைப்பாக நிற்கும். தொய்ந்து தொங்கும் செயினை அளப்பதில் பயன் இல்லை. ஸ்கேலின் ஓரத்திலிருந்து தொடங்கமாட்டேன், ஓரம் எப்போதும் மழுங்கியிருக்கும். 1 என்ற அங்குலக் கோட்டை ஒரு பின்னின் இடது விளிம்பில் வைப்பேன். 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் இடது விளிம்பு 13இல் விழவேண்டும். பின்னின் நடுவைக் கண்ணால் குறிப்பது கடினம், விளிம்புக்கு விளிம்பு பார்த்தால் பிசகாது. தடி அளக்கும்போது செய்வதுபோல் நேர்மேலே கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அரை நூல் எங்கேயோ போய்விடும்.

விளிம்பு சரியாக 13இல் இருந்தால் செயின் புதியது. அரை நூல் தாண்டியிருந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு அரை பங்கு தேய்ந்திருக்கிறது. 11, 12 கியர் வண்டிகளின் ஒல்லியான செயின் என்றால் அந்த இடத்திலேயே மாற்றிவிடவேண்டும். என்னுடையதுபோல் எட்டு கியர் வண்டிக்கு முக்கால் நூல் வரை பொறுக்கலாம் என்பார்கள். நான் பொறுப்பதில்லை. முக்கால் நூலைக் கண்ணால் நிதானிப்பது சிரமம் என்பது ஒன்று. சாரல் மாதத்தில் அரைக்கும் முக்காலுக்கும் இடையே சில வாரங்கள்தான் இருக்கின்றன என்பது இன்னொன்று. ஒரு முழு நூல் கூடிவிட்டால் நூற்றுக்கு ஒரு பங்கு. அந்த நிலையில் பல்சக்கரத்தையும் அது கெடுத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செயினில் செருகிப் பார்க்கும் தகட்டு அளவுகோல் இப்போது கடைகளில் கிடைக்கிறது. வசதியானதுதான். சில வகைகள் உருளையின் ஆட்டத்தையும் சேர்த்துக் காட்டுவதால் உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஸ்கேல் அப்படிக் கூட்டிச் சொல்லாது.

பல்சக்கரங்களை இவ்வளவு துல்லியமாக அளக்க முடியாது, பார்த்துத்தான் பழகவேண்டும். எட்டும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. 11 பல் சக்கரத்தில் இருக்கும் ஒவ்வொரு பல்லும், 32 பல் சக்கரத்தின் பல்லைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு முறை செயினைத் தாங்குகிறது. அதனால் சிறியவை சீக்கிரம் தேயும். அதோடு, நாம் அதிகம் உபயோகிப்பது எதுவோ அது முதலில் போகும். எனக்குத் தென்காசிச் சாலையில் 15, 18 பல் சக்கரங்கள்தான் வேலை. பாய் அன்று பிரஷால் சுத்தம் செய்தது அந்த 18 பல் சக்கரத்தைத்தான். என்னிடம் ஒன்றும் கேட்காமலேயே அதைத் தேர்ந்தெடுத்தார். மலையில் நான் உபயோகித்த பெரிய சக்கரங்கள் அவ்வளவு மோசமாக இல்லை. ஆனாலும் அன்று ஏற்றத்தில் நழுவக் காரணம், முன்பக்கத்து நடுச் சக்கரமும் தேய்ந்திருந்ததுதான்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். கியர் சக்கரங்களில் சில பற்கள் புதிதிலேயே குட்டையாகவும் ஒருபக்கம் செதுக்கியும் இருக்கும். செயின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகத் தாவுவதற்காகத் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்கிறார்கள். அதைக் காட்டி 'பல் உடைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தேய்மானம் என்றால் எல்லாப் பற்களிலும் ஒரே பக்கத்தில், ஒரே சாய்வில் இருக்கும்.

முன்சக்கரத்துக்கு ஒரு சுலபமான பார்வை உண்டு. செயினைப் பெரிய சக்கரத்தில் போட்டு, முன் விளிம்பில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். செயின் அசையாமல் பல்லோடு ஒட்டி நின்றால் நல்லது. பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் செயின் நிச்சயமாகப் போயிற்று, சக்கரத்தையும் கூர்ந்து பாருங்கள். பின்னால் தொங்கும் கியர்க் கையில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் சக்கரங்கள் முள்போல் கூர்மையானதும் மாற்றலாம். அவற்றில் மேல் சக்கரம் இடவலமாகக் கொஞ்சம் ஆடும். அது வேண்டுமென்றே வைத்த ஆட்டம், கோளாறு இல்லை.

எல்லாவற்றுக்கும் தேய்மானத்தைக் காரணம் சொல்வதும் தவறு. போன கார்த்திகையில் எங்கள் மில் சுமைத் தொழிலாளி ஒருவர் தன் மகனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நழுவுகிறது, கடையில் செயின், கேசட், கிராங்க் எல்லாம் மாற்ற 3,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். 3,000 ரூபாய்க்கு அவர் எத்தனை தடி தூக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்தக் கூலிக் கணக்கை எழுதுகிறவன் நான். செயினை அளந்தேன். கால் நூல்கூட இல்லை. பிறகு எல்லாக் கியரிலும் மிதித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நழுவியது, அதுவும் ஒரே இடைவெளியில், மூன்று சுற்று மிதிக்க ஒரு முறை. தேய்ந்த பல் என்றால் அந்த ஒரு சக்கரத்தில்தான் நழுவும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை என்றால் செயின் ஒரு முழு வட்டம் வர ஆகும் நேரம் அது. 108 கண்ணி, முன்னால் 36 பல். அப்படியானால் கோளாறு செயினில் ஏதோ ஒரே ஒரு கண்ணியில்.

பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றச் சொல்லி, கீழே இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணி அதைத் தாண்டும்போது மடங்காமல் விறைத்துக்கொண்டு சின்னதாகத் துள்ளியது. மழையில் நனைந்து துருப்பிடித்து இறுகிப்போன கண்ணி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து இடவலமாக நாலைந்து முறை நெளித்தேன். இளகிவிட்டது. செலவு ஒன்றும் இல்லை. அவர் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்தான் இந்த எழுத்துக்கே காரணம் என்று சொல்லலாம்.

அதேபோல், ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று வந்தால் கிராங்கையோ பெடலையோ பாருங்கள். பழைய சைக்கிளில் பெரும்பாலும் காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு, தளர்ந்திருக்கும். கியர் தானாக மாறிக்கொண்டே இருந்தால் முதலில் கம்பியையும் அதன் உறையையும் பார்க்கவேண்டும். வண்டி வலது பக்கம் விழுந்ததற்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் கியர்க் கையைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கும். இவற்றை விலக்கிவிட்டுத்தான் தேய்மானத்துக்கு வரவேண்டும்.

என் அப்பா பாத்திர வியாபாரி. பண்பொழி, கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு அந்த ஹெர்குலிஸில் சுற்றியவர். செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி முறுக்குவார். தள்ளுவதற்கு இடம் தீர்ந்துவிட்டால் ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்துவிட்டு மறுபடியும் முறுக்குவார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். தொய்வு போகும். ஆனால் மீதியிருக்கும் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடியது கூடியதுதான், அது பல்லைக் குடைந்துகொண்டே இருக்கும். ஆனாலும் அப்பாவின் வண்டிக்கு அவர் செய்தது சரி என்றே இன்று நினைக்கிறேன். தடித்த அகலச் செயின், முன்னால் 44, பின்னால் 18 என்று ஒரே ஜோடிச் சக்கரம், எப்போதும் நேர்கோட்டில் ஓட்டம். வருடக்கணக்கில் எல்லாம் ஒன்றாகத் தேயும், பிறகு செயின், செயின் வீல், ஃப்ரீவீல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார். அந்தப் பாகங்களின் விலைக்கு அது நியாயமான வழி. கியர் வண்டியில் கேசட் விலைக்கு ஏறக்குறைய இரண்டு செயின் வாங்கலாம் என்பதால் கணக்கு மாறிவிடுகிறது.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து பிசுக்காகி எல்லாத் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். லாரிப் பட்டறையில் கொடுக்கும் பழைய என்ஜின் ஆயில் அதைவிட மோசம், அதிலேயே இரும்புத் தூள் இருக்கிறது. செயின் எண்ணெய் ஒரு உருளைக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் முழுவதையும் துணியால் துடைத்துவிடவேண்டும். பளபளவென்று ஈரமாகத் தெரியும் செயினைப் பார்த்தால் எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

பாய் இரண்டு வருடம் முன்பு கடையை மூடிவிட்டார், கண் சரியாகத் தெரியவில்லை. 2022க்குப் பிறகு 12,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறேன். மாற்றியவை நான்கு செயின், அவ்வளவுதான், எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள். அன்று போட்ட கேசட்டே இன்றும் இருக்கிறது. 15 பல் சக்கரம் மட்டும் கொஞ்சம் சாயத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை புதுச் செயின் போட்டதும் மலைக்குப் போவதில்லை. முதலில் ஆளில்லாத சமதரையில், ஒவ்வொரு சக்கரத்திலும் உட்கார்ந்தபடியே அழுத்தி மிதித்துப் பார்ப்பேன். எட்டும் தாங்கிய பிறகுதான் புளியரை.

நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பையன், தென்காசியில் கல்லூரிக்குப் போகிறவன், தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். "மாமா, அளந்து பாருங்கள்" என்றான். ஒரு நூலுக்கு மேலேயே இருந்தது, ஒன்றேகால் என்று சொல்லலாம். பின்சக்கரப் பற்கள் இன்னும் கொக்கியாகவில்லை, சாய்ந்துவிட்டன. இந்த நிலையில் புதுச் செயின் மட்டும் வாங்கினால் எனக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடக்கும்.

"இப்போது ஒன்றும் வாங்காதே. பழையதும் பழையதும் ஒத்துப்போகின்றன, இப்படியே ஓட்டு. மாதம் 300, 400 என்று எடுத்து வை. செயினையும் கேசட்டையும் சேர்த்து வாங்கி ஒரே நாளில் போட்டுவிடலாம், நானே மாட்டித் தருகிறேன்."

"அதுவரை மலைக்குப் போகலாமா மாமா?"

"போகலாம். எழுந்து நின்று மட்டும் மிதிக்காதே."